தொண்டை இறுகிக் குரல் வரலை. டம்ளர் தண்ணியில ஸ்ட்ரா விட்டு ஊதச் சொல்றாங்க. இது வேலை செய்யுமா?

வளவுக்காரன், கானாடுகாத்தான்:

வணக்கம். பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுத்திக் காட்டுற வேலை பாக்குறேன். பதினோரு வருசமாச்சு. முகப்புல ஆரம்பிச்சு வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு பின்வாசல் வரைக்கும் ஒரு சுத்துக்கு முக்கால் மணி நேரம். சீசன்ல நாளைக்கு ஆறு சுத்து. முகப்புல பேசினா கணீர்னு கேக்கும். வளவுல முற்றம் திறந்து கிடக்குறதால சத்தம் மேல போயிடும். அங்க எப்பவுமே குரலைத் தூக்கித்தான் பேசுவேன்.

போன மார்கழியில சளி, காய்ச்சல். அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுருச்சு. குரல் மட்டும் திரும்பலை. வெளிநாட்டுக்காரங்க வர்ற நேரம், லீவு போட முடியாது. கட்டின தொண்டையோடயே முக்கி முக்கிப் பேசினேன். இப்ப மாசி முடியப் போகுது, இன்னும் சரியாகலை.

எப்படி இருக்குன்னா, காலையில முதல் பத்து நிமிசம் ஓரளவு நல்லா வரும். வளவுக்குப் போறதுக்குள்ள யாரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி ஆயிடும். வாக்கியத்தோட கடைசி வார்த்தை நெரிஞ்சு போயிடுது. சாயங்காலம் தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் வலி. போன்ல பேசினா "என்னண்ணே அழுகுறீங்களா"ன்னு கேக்குறாங்க. ஆனா சிரிச்சா நல்லா வருது, கொட்டாவி விட்டா நல்லா வருது. வீட்டுல இருக்குறவங்களுக்கு இதுதான் புரியலை. சிரிக்கிறப்ப வர்ற குரல் பேசுறப்ப ஏன் வரலைன்னு கேக்குறாங்க. எனக்கும் பதில் தெரியலை.

ஈ.என்.டி. டாக்டர் மூக்கு வழியா ஸ்கோப் விட்டுப் பாத்தார். கட்டி இல்லை, குரல்நாண் ரெண்டும் நல்லா அசையுதுன்னு சொல்லி, 'மசில் டென்ஷன் டிஸ்போனியா'ன்னு, அதாவது தொண்டைத் தசை இறுகிக் குரல் கெடுறதுன்னு எழுதி, மதுரையில ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட அனுப்பினார். அங்க கூட்டம். கால் மணி நேரம் செஞ்சு காட்டினாங்க. டிஷ்யூ பேப்பரை வாய்க்கு முன்னால பிடிச்சுட்டு ஊதணும். அப்புறம் டம்ளர் தண்ணிக்குள்ள ஸ்ட்ரா விட்டு, கொப்புளம் வர்ற மாதிரி 'ஊ'ன்னு ஊதணும். ஒரு அரைத்தாள்ல எழுதிக் குடுத்தாங்க.

ஒன்பது நாளாச் செய்யுறேன். ஊதுறப்ப குரல் நல்லாத்தான் வருது. ஸ்ட்ராவை எடுத்துட்டுப் பேசினா பழையபடி நெரியுது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, தண்ணியில ஊதினா சரியாகும்னா நம்ப முடியலை. வேலை குடுக்குறவர் இன்னும் ரெண்டு வாரம் பாப்போம்னு சொல்லியிருக்கார். இதுல குணமானவங்க யாராவது இருக்கீங்களா? அதிக நேரம் ஊதினா சீக்கிரம் சரியாகுமா? வேலைக்குப் போகலாமா?

புதுவயல் மணி:

அண்ணே, சித்தரத்தையை வாயில அடக்கிக்கங்க. ராத்திரி பால்ல மிளகும் பனங்கற்கண்டும். ஒரு மாசம் வாயே திறக்காம இருந்தா தானா சரியாயிடும். அவசியம்னா குசுகுசுன்னு பேசுங்க. எங்க மாமாவுக்கு இப்படித்தான் சரியாச்சு.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, நான் தேவகோட்டை. முப்பத்தோரு வருடம் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "ஊதும்போது நன்றாக வருகிறது, எடுத்தால் நெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதைத் தோல்வி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஊதும்போது நல்ல குரல் வருகிறது என்றால் உங்களிடம் நல்ல குரல் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் பிடியைத் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்கு எனக்கு நான்கு மாதம் ஆனது.

2016இல் பிளஸ் டூ வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். உங்களைப் போலவே ஒரு சளியில் தொடங்கியது. முதலில் ஒருவர் பத்து நாள் மௌனமாக இருக்கச் சொன்னார். இருந்தேன். பதினோராம் நாள் வாயைத் திறந்தால் முன்பைவிட மோசம். பிறகு குசுகுசுவென்று பேசிச் சமாளித்தேன். அது இன்னும் கெடுதல். பள்ளியில், பெயர் வேண்டாம், "சிரிக்கும்போது வருகிற குரல் பாடம் நடத்தும்போது மட்டும் போய்விடுமா" என்று என் காதுபடவே ஒருவர் கேட்டார். நடிக்கிறேன் என்று அதற்குப் பொருள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. உங்கள் வீட்டில் அதே கேள்வி எழுந்திருப்பதால் இதைச் சொல்கிறேன். சிரிப்பும் கொட்டாவியும் இருமலும் தாமாக வருபவை. அப்போது தொண்டையை யாரும் இறுக்குவதில்லை. பேச வேண்டும் என்று நினைத்தவுடனே, பழகிப்போன தசைகள் முந்திக்கொண்டு இறுகிவிடுகின்றன. வீட்டில் உள்ளவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

மதுரையில் டாக்டர் ஸ்கோப்பைத் திரையில் காட்டினார். குரல்நாணுக்கு மேலே பொய்க் குரல்நாண் என்று இரண்டு மடிப்பு இருக்கிறது. நான் 'ஈ' என்று சொன்னதும் அவை இரண்டும் பக்கவாட்டிலிருந்து திரைச்சீலை மாதிரி மூடிக்கொண்டன. அசல் குரல்நாண் அதற்குப் பின்னால் மறைந்தே போனது. எனக்கு அதைப் பார்த்ததும் பெரிய ஆறுதல். நான் நடிக்கவில்லை என்று படமே சொல்லிவிட்டது.

தெரபிஸ்ட் என் மகள் வயதுப் பெண். டிஷ்யூ தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மேல் நுனியை மூக்கு நுனிக்கு நேரே பிடித்து, மீதி வாய்க்கு முன்னால் தொங்கும்படி விடச் சொன்னாள். சத்தம் இல்லாமல் ஊதினேன். தாள் எழுந்து நின்றது. "இதே காற்றில் 'ஊ' என்று கொஞ்சம் சத்தம் சேர்த்துக்கொள்ளுங்கள், தாள் மட்டும் விழக் கூடாது" என்றாள். சத்தம் சேர்த்த நொடியே தாள் பொத்தென்று விழுந்தது. பதினைந்து இருபது தடவை விழுந்தது. நான் காற்றை அடைத்துக்கொண்டுதான் பேசுகிறேன் என்பதை எனக்கு முதலில் சொன்னது அந்தத் தாள்தான். எழுத்துப் பிறப்பு நடத்தும்போது, உந்தியிலிருந்து எழுகிற காற்றுதான் எழுத்தாகிறது என்று எத்தனையோ வருடம் பலகையில் எழுதிப் போட்டவள் நான். என் தொண்டை வழியாக அந்தக் காற்று போகவேயில்லை.

மூன்றாம் தடவை போனபோது அவள் ஒரு யோசனை சொன்னாள். "சந்தையிலிருந்து கனத்த பையோடு வந்து திண்ணையில் உட்காரும்போது விடுவீர்களே ஒரு பெருமூச்சு, அதை விடுங்கள், அதன் மேல் சத்தத்தை ஏற்றுங்கள்." ஹூஊஊ என்று விட்டேன். தாள் நின்றது. குரல் மங்கலாக, காற்று கலந்து, அழகே இல்லாமல் இருந்தது. ஆனால் தொண்டையில் ஒன்றுமே தெரியவில்லை. அந்தத் 'தெரியாமை'யைப் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி. முதலில் குரல் அப்படித்தான் காற்றாக வரும். அழகாக வரவேண்டும் என்று உடனே இறுக்கினீர்களானால் திரும்பவும் பழைய இடத்துக்கே போய்விடுவீர்கள். தெளிவு பிறகு தானாக வந்து சேர்கிறது.

தண்ணீர் விஷயம். பெரிய சொம்பு வேண்டாம், கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர். குழாய் நுனி ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் மூழ்கினால் போதும். நான் அடிவரை விட்டுக்கொண்டு கஷ்டப்பட்டேன். ஆழம் கூடினால் ஊதக் கனம், தொடக்கத்தில் அது வேண்டாம். காகித ஸ்ட்ரா இரண்டு நிமிடத்தில் நமுத்துப்போகும். அதனால் அவளே ஒரு முழங்கைக்குச் சற்றுக் குறைவான நீளத்துக்கு சிலிகான் குழாய் வெட்டிக் கொடுத்தாள். சின்ன வயதில் பப்பாளி இலைக் காம்பை ஒடித்து சோப்புத் தண்ணீரில் ஊதி விளையாடுவோமே, அந்த நினைவு வந்தது. (பப்பாளிப் பால் வாயில் பட்டால் அரிக்கும், காம்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.) என் பேரன் எதிரே இன்னொரு டம்ளரை வைத்துக்கொண்டு "ஆயா, நான் பஸ் ஓட்டுறேன்" என்று ஊதுவான். உதடு படபடக்க ப்ர்ர்ர் என்று பிள்ளைகள் பஸ் ஓட்டுகிறார்களே, அதுவும் இதே பயிற்சி என்று தெரபிஸ்ட் சொன்னாள். குழாய் கையில் இல்லாதபோது நான் அதைச் செய்வேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊதி முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு நேரே பேச்சுக்குத் தாவுகிறீர்கள். நடுவில் படி இருக்கிறது. 'ஊ' என்று கொப்புளம் விட்டுக்கொண்டிருக்கும்போதே, மூச்சை நிறுத்தாமல் குழாயை வாயிலிருந்து எடுங்கள். அதே 'ஊ' வெளியே தொடரட்டும். நெரியாமல் தொடர்ந்தால் அதோடு 'ஊமா', 'ஊமே' என்று சேருங்கள். அது கைவந்த பிறகு 'மாமா', 'முருங்கை', 'வாழை'. பிறகு மூன்று சொல். எங்கே நெரிகிறதோ அங்கிருந்து ஒரு படி கீழே இறங்கி மறுபடி குழாய். எனக்கு 'மாமா'விலிருந்து ஒரு முழு வாக்கியத்துக்கு வர மூன்று வாரம். பிறகு தினமணி தலைப்புகள். பிறகு தொலைபேசி. வகுப்பு கடைசியாக.

அதிக நேரம் ஊதாதீர்கள். தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், நாளைக்கு ஆறேழு தடவை. தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சும்மா உட்காருங்கள்.

மணி தம்பி அன்போடுதான் சொல்கிறார். சித்தரத்தையும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம், நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். அங்கே அது போய்ச் சேராது. குசுகுசுப் பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம்.

வளவுக்காரன்:

ஆச்சி, ரொம்ப நன்றி. ரெண்டு தடவை படிச்சேன், வீட்டுலயும் படிக்கக் குடுத்தேன். என் சம்சாரம் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலை, ஆனா அதுக்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேக்கலை.

குழாயை ஊதிக்கிட்டே எடுத்துப் பாத்தேன். 'ஊ' நிக்குது! 'ஊமா' வரைக்கும் வருது. ஆனா என் வேலையில முதல் வார்த்தையே நெரியுது. எல்லா சுத்துலயும் நான் சொல்ற ஆரம்பம் இதுதான்: "எல்லாரும் இங்க பாருங்க. இது ஆத்தங்குடிக் கல்லு. ஒவ்வொண்ணும் ஆளுங்க கையால ஊத்தினது." இதுல 'எல்லாரும்'ங்குற இடத்துலயே பூட்டிக்குது. பர்மா தேக்கு, முட்டை வெள்ளைக்கரு போட்ட சுண்ணாம்புச் சுவர் பத்திப் பேசுறப்ப கொஞ்சம் பரவாயில்லை. ஏன்னு தெரியலை.

குரல்தெரபி, கோவை:

நான் காரைக்குடிப் பொண்ணு, கோவையில ஸ்பீச் தெரபிஸ்டா இருக்கேன். ஆச்சி எழுதியிருக்குறதை என்னோட நோயாளிகளுக்கு அப்படியே குடுக்கலாம் போல இருக்கு. அதுக்குப் பின்னால இருக்குற காரணத்தை மட்டும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா அண்ணனுக்கு நம்பிக்கை வரலைன்னு எழுதியிருக்கார்.

குரல்நாண்கள் ஆணுக்குப் பேச்சுல விநாடிக்கு 100, 120 தடவையும் பெண்ணுக்கு 200 தடவை அளவிலும் ஒண்ணோட ஒண்ணு மோதித் திறக்குது. இறுக்கிப் பேசினா ஒவ்வொரு மோதலும் பலமா விழுது. வாயில குழாயை வச்சுக்கிட்டா காத்து வெளிய போற வழி குறுகிடும். அதனால குழாய்க்குப் பின்னால, அதாவது வாய்க்குள்ளயும் தொண்டைக்குள்ளயும், அழுத்தம் கொஞ்சம் கூடும். அந்த அழுத்தம் மேலேயிருந்து குரல்நாண்களை லேசா விலக்கிப் பிடிக்குது. அதனால மோதல் மெத்துன்னு ஆகுது, குறைஞ்ச மூச்சுலயே குரல் எழும்புது. தண்ணிக்குள்ள விட்டா கொப்புளம் உடையுற ஒவ்வொரு தடவையும் அந்த அழுத்தம் ஏறி இறங்கும். தொண்டைக்கு உள்ளேயிருந்து ஒரு மசாஜ் மாதிரி. நீங்க ஊதுறப்ப கன்னமும் உதடும் அதிரும், அது நல்ல அடையாளம். கொப்புளம் விட்டு விட்டு வந்தா காத்து சீரா இல்லைன்னு அர்த்தம். இதைவிட நல்ல கண்காணிப்புக் கருவி வீட்டுல கிடைக்காது.

இது புதுசா வந்த வித்தையும் இல்லை. பின்லாந்துல அன்டி சோவியார்வின்னு ஒரு ஒலியியல் அறிஞர் 1960கள்லயே கண்ணாடிக் குழாயைத் தண்ணிக்குள்ள விட்டுப் பயிற்சி குடுத்தார். பெரியவங்களுக்கு 26, 28 சென்டிமீட்டர் நீளம், 8, 9 மில்லிமீட்டர் உள்விட்டம். பிற்பாடு அதே நாட்டுல மார்க்கெட்டா சிவோ 35 சென்டிமீட்டர் சிலிகான் குழாயாக்கினாங்க. ஆச்சிக்கு வெட்டிக் குடுத்தது அந்த அளவா இருக்கும். மெல்லிய ஸ்ட்ராவுல, தண்ணி இல்லாமலே ஊதுற முறைக்கு அமெரிக்காவுல இங்கோ டிட்சே 2006ல விளக்கமான இயற்பியல் காரணம் எழுதினார். டிஷ்யூ பயிற்சி வேற குடும்பம், 'ஃப்ளோ போனேஷன்'னு பேரு. காத்து ஓடிக்கிட்டே இருக்கணும், குரல் அதுல மிதந்து வரணும்ங்குறது அதோட அடிப்படை. வெந்நீர்ல கொப்பளிச்சுக்கிட்டே குரல் குடுக்குறதும் அதுல உண்டு. கொப்பளிக்கிறப்ப காத்தை நிறுத்தினா தண்ணி உள்ள இறங்கிடும், அதனால உடம்பு தானாவே காத்தை ஓடவிடும்.

ரொம்பப் பேர் பண்ற தப்பு என்னன்னா, குழாயை வச்சுக்கிட்டே தொண்டையால முக்குறது. கழுத்து நரம்பு புடைக்குதான்னு கண்ணாடியில பாருங்க. தோள் மேல ஏறுதா, மூக்கு வழியா காத்து கசியுதா, அதையும் பாருங்க. மூக்கைப் பிடிச்சா கொப்புளம் மாறக்கூடாது.

தாடைக்குக் கீழ வலின்னு எழுதியிருக்கீங்க. குரல்வளை மேல ஏறி உக்காந்திருந்தா அந்த வலி வரும். கையால தளர்த்தி இறக்குற மசாஜ் உண்டு. அதை உங்க தெரபிஸ்ட்கிட்டக் கேட்டுச் செஞ்சுக்கங்க. கழுத்துல ரெண்டு பக்கமும் பெரிய ரத்தக்குழாய் ஓடுது, யூடியூப் பாத்து நீங்களா அழுத்தாதீங்க.

வேலைக்குப் போகலாம். முழு மௌனம் தேவையில்லை. ஆனா இடுப்புல கட்டுற சின்ன மைக் வாங்கிடுங்க. இப்ப வளவுல நீங்க தூக்கிப் பேசுறவரைக்கும் வீட்டுல செய்யுற பயிற்சி ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரி. செருமுறதைக் குறைங்க. செருமத் தோணுறப்ப ஒரு மிடறு தண்ணி குடிச்சு விழுங்குங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணன் ஸ்கோப் பாத்துட்டுத்தான் பயிற்சிக்கு வந்திருக்கார். அது ரொம்ப முக்கியம். குரல் கம்மி நாலு வாரம் தாண்டினா யாரா இருந்தாலும் ஸ்கோப் பாக்கணும். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் இருந்தாலோ, சளியில ரத்தம், விழுங்க முடியாமை, மூச்சுத்திணறல், கழுத்துல கட்டி இருந்தாலோ நாலு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஸ்ட்ரா ஊதிப் பாப்போம்னு நாளைக் கடத்துறதுதான் எனக்குப் பயம். அதே மாதிரி, நரம்பு சம்பந்தப்பட்ட 'ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா'ன்னு ஒண்ணு இருக்கு. கேக்குறதுக்கு இதே மாதிரி நெரியும், ஆனா அதுக்குச் சிகிச்சை வேற. அதைப் பிரிச்சுச் சொல்ல ஆள் வேணும். தெரபிஸ்ட் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ளவரான்னு கேட்டுக்கங்க, கேக்குறதுல தப்பில்லை.

பாதயாத்திரை, குன்றக்குடி:

இந்த இழை ரொம்ப உபயோகமா இருக்கு. தை மாசம் பழனிக்கு நடக்குறப்ப காவடிப் பாட்டுக்கு முன்பாட்டு பாடுறவன் நான். மூணாம் நாளே தொண்டை போயிடும், ரோட்டுப் புழுதியும் பனியும் சேர்ந்து. ஒரு கோஷ்டி நூறு பேருக்குக் கேக்கணும்ல. பாடுறதுக்கு முன்னால இந்த ஊதலைச் செய்யலாமா? நோய் இல்லாதவங்களுக்கும் ஆகுமா?

குரல்தெரபி, கோவை:

தாராளமா. பாடகர்கள் குரலைச் சூடேத்துறதுக்கு இதைத்தான் செய்யுறாங்க. பாடுறதுக்கு முன்னால அஞ்சு நிமிசம், ராத்திரி தங்குற இடத்துல பாடி முடிச்ச பிறகும் மூணு நிமிசம். பாட்டோட மெட்டையே குழாய்க்குள்ள பாடுங்க, வார்த்தை வேண்டாம். முன்பாட்டை ரெண்டு மூணு பேரா மாத்தி மாத்திப் பாடுங்க. அந்தப் புழுதியில ஒரே ஆள் பத்து நாள் பாடினா எந்தப் பயிற்சியும் காப்பாத்தாது.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, உங்கள் தொடக்க வரியைப் பார்த்ததும் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. எழுதிப் பாருங்கள்: எல்லாரும், இங்க, இது, ஆத்தங்குடி, ஒவ்வொண்ணும், ஆளுங்க, ஊத்தினது. ஏழும் உயிரெழுத்தில் தொடங்குகின்றன. இறுகின தொண்டைக்கு உயிரெழுத்துதான் பகை. சொல்லின் தொடக்கத்தில் 'ஆ' என்று சொல்ல, குரல்நாணைப் பூட்டிவைத்துப் படக்கென்று திறக்கிறோம். பர்மா, முட்டை, சுண்ணாம்பு என்பவை மெய்யில் தொடங்குகின்றன. 'மு'வுக்கு உதடு மூடி மூக்கில் காற்று ஓடுகிறது, 'சு'வுக்குப் பல்லிடையில் காற்று ஓடுகிறது. பூட்ட இடமில்லை. அதனால்தான் அவை பரவாயில்லை.

எனக்கும் இதே சிக்கல். 'அறம்' என்று தொடங்கும் குறள்கள் அத்தனையும் என்னை நெரித்தன. என் தெரபிஸ்ட் அதற்கு ஒரு சின்ன 'ஹ' வைத்துப் பழகச் சொன்னாள், 'ஹறம்' என்று. காதில் விழாத அளவுக்கு. நன்றாகப் பயன்பட்டது. ஆனால் அதைவிட எனக்கு உதவியது நான் நடத்திய இலக்கணம். இரண்டு உயிர் பக்கத்தில் வந்தால் நடுவில் ய், வ் போட்டு இணைக்கிறோமே, உடம்படுமெய்! மணி, அடித்தான் என்று வெட்டி வெட்டிச் சொன்னால் இரண்டாவது சொல்லுக்குத் தொண்டை பூட்டுகிறது. மணியடித்தான் என்றால் ஒரே காற்றில் வழுக்கிக்கொண்டு போகிறது. மெய்யில் முடிகிற சொல்லோடும் உயிர் அப்படியே ஒட்டிக்கொள்ளும். உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். இது புரிந்தபோது, ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு நம் புணர்ச்சி விதிகள் மேல் புதிதாக ஒரு பாசம் வந்தது.

ஆகவே உங்கள் வரியை இப்படி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்:

"வாங்க, வாங்க. மேல பாருங்க, பர்மா தேக்கு. தரையெல்லாம் ஆத்தங்குடி. மணலும் சிமெண்டும் கலந்து, கண்ணாடி மேல கையால வார்த்தது."

'வாங்க'வில் உதடும் பல்லும் சேர்ந்து காற்றைத் திறந்துவிடும். 'தரையெல்லாம் ஆத்தங்குடி' என்பதை எங்கும் வெட்டாமல், தரையெல்லாமாத்தங்குடி என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். 'ஆ' அங்கே 'மா' ஆகிவிடுகிறது. உங்களுக்கு 'ஊமா' ஏற்கெனவே வருகிறதல்லவா, அந்த 'மா'தான் இது.

இன்னொன்று. கடைசி வார்த்தை நெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'கட்டியிருக்காங்க', 'கொண்டுவந்திருக்காங்க' என்று நீளநீளமாக. அதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு மீதியைத் தொண்டையைப் பிழிந்து சொல்கிறோம். வாக்கியத்தை நடுவிலேயே வெட்டி மூச்சு வாங்குங்கள். விருந்தினர்கள் அந்த இடைவெளியில் கூரையைப் பார்ப்பார்கள், உங்களுக்கு நட்டமில்லை.

வளவுக்காரன் (அஞ்சு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் வணக்கம். எழுதாம இருந்ததுக்கு மன்னிக்கணும், சொல்ற மாதிரி ஏதாவது ஆகட்டும்னு இருந்தேன்.

மைக் வாங்கிட்டேன். ஆறு சுத்தை நாலாக் குறைச்சு, ரெண்டுக்கு மச்சான் பையனைப் பழக்குறேன். சுத்துக்கு நடுவுல ரெண்டாங்கட்டுல உக்காந்து மூணு நிமிசம் ஊதுறேன். மதுரைக்கு இன்னும் மூணு தடவை போனேன். கழுத்து மசாஜ் செஞ்ச அன்னைக்கு, முடிஞ்ச உடனே "ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க"ன்னாங்க. ஒண்ணு நெரிஞ்சுது. ரெண்டுலருந்து பத்து வரைக்கும் என்னோட பழைய குரல். மூணு மாசம் கழிச்சு அதைக் கேட்டேன். அந்த அம்மா முன்னாலயே கண்ணு கலங்கிருச்சு.

போன வெள்ளிக்கிழமை ஒரு ஸ்கூல் பிள்ளைங்க வந்துச்சு, நாப்பது பேர். "தரையெல்லாமாத்தங்குடி"ன்னு சொன்னேன் ஆச்சி, எங்கயும் நிக்காமப் போச்சு. மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் நல்லா இருக்கு. அதுக்கு மேல கொஞ்சம் கம்முது, ஆனா நெரியலை. தாடை வலி போயிருச்சு. வேலை போகலை.

ஒரே ஒரு சிக்கல். எங்க அம்மாவுக்குக் காது மந்தம். ராத்திரி வீட்டுக்கு வந்து அவுககிட்டப் பேசுறப்ப கத்த வேண்டியிருக்கு. பகல் முழுக்கச் சேத்ததெல்லாம் அந்த அரை மணியில போயிடுது. பேசாம இருக்கவும் மனசு வரலை, நாள் முழுக்க எனக்காகத்தான் காத்திருப்பாக.

தேவகோட்டை ஆச்சி:

பேசாமல் இருக்காதீர்கள் தம்பி. தூரத்திலிருந்து கத்துவதை மட்டும் விடுங்கள். டிவியை அணைத்துவிட்டு, அம்மாவுக்கு எந்தக் காது கொஞ்சம் நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் உட்காருங்கள். முகம் அவர்களுக்குத் தெரியவேண்டும், விளக்கு உங்கள் முகத்தில் விழவேண்டும். மெதுவாக, தாழ்ந்த சுருதியில் சொல்லுங்கள். வயதானவர்களுக்குக் கீச்சுக்குரலைவிட அதுதான் கேட்கும். இடுப்பு மைக்கை வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். மதுரைக்கு அடுத்த தடவை போகும்போது அம்மாவையும் கூட்டிப் போய்க் காதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.